ஆவி, ஆவியானவர், ஆவியார்: மூவொரு கடவுட் கோட்பாடும் தமிழின் திணைமரபும்

முன்னுரை

தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் விளங்கும் கடவுள் ஒருவரே என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடாகும். கி.பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் இதனை வரையறுத்தன. தமிழில் இக்கோட்பாட்டைப் பேசுவோரின் கவனம் கலைச்சொல்லின் மீதே குவிவது வழக்கம். திரித்துவம், திரியேகம், மூவொருமை என்னும் சொற்களுள் எது பொருந்தும் என்னும் வினா பலகாலும் எழுப்பப்படுவது. ஆயின் தமிழ் வழிபடுவோனிடம் கேட்கும் வினா இதனினும் கடுமையானது. தமிழ் வாக்கியத்தில் எழுவாயின் திணை வினைமுற்றில் வெளிப்பட்டே ஆக வேண்டும். ஆவி 'வந்தது' என்பதா, 'வந்தார்' என்பதா? இரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது முடிபு தமிழில் இல்லை. கோட்பாட்டு நூல்கள் பல பக்கங்களில் விளக்க முற்படும் ஒன்றனைத் தமிழ் கற்ற குழந்தையும் ஒரு விகுதியால் முடிவு செய்துவிடுகிறது.

ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளிவந்த விவிலியமும், கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் இவ்வினாவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விரு நூல்களிலும் காணப்பெறும் வடிவ வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம் அன்று. தமிழ் இலக்கண மரபுக்கும் கிறித்தவக் கோட்பாட்டிற்கும் ஒருங்கே பொருந்துவது என்பது இங்கு முன்வைக்கப்பெறும் கருத்து.

ஆனேக்கல்: மும்மொழி எல்லை

இவ்வினா கூர்மையாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று ஆனேக்கல். பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் தென்கிழக்கே, ஒசூரை ஒட்டி அமைந்த இவ்வட்டத்தில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் ஒன்பதாவது (1905) இவ்வட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகளையும் உள்ளடக்கியது. ஊர்ப்பெயரே இருமொழிச் செவிக்கு இருவேறாக ஒலிப்பது. தமிழர் அதில் யானையையும் கல்லையும் கேட்பர். கன்னடர்க்கு 'ஆனேகல்லு' என்பது ஆலங்கட்டி.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின் இலத்தீன் வழிபாடு தாய்மொழிகளுக்கு மாறியபோது, 'தாய்மொழி எது' என்பது பெங்களூரு உயர்மறைமாவட்டத்தில் எளிய வினாவாக இருக்கவில்லை. கன்னடக் கத்தோலிக்கர்க்கும் தமிழ்க் கத்தோலிக்கர்க்கும் இடையே வழிபாட்டு மொழி குறித்து எழுந்த பூசல் பல பத்தாண்டுகள் நீடித்தது. எண்ணிக்கை, உரிமை, திருப்பலி நேரம் ஆகியவை குறித்தே அதில் மிகுதியும் பேசப்பட்டது. ஒரே கடவுளின் பெயரை இம்மொழிகள் எவ்வெவ்விலக்கணத்தால் சொல்கின்றன என்பது அப்பூசலில் இடம்பெறக்கூடிய பொருளன்று. எனினும் எண்ணிப் பார்க்கத்தக்கது அதுவே.

கன்னடம் வடமொழி ஆன்மாவை எடுத்து ஆண்பால் ஈறு சேர்த்துப் 'பவித்ராத்மனு' என்கிறது. தெலுங்கில் விவிலிய வடிவமாகிய 'பரிசுத்தாத்ம' ஒருபுறம் நிற்க, பாடலிலும் மன்றாட்டிலும் 'பரிசுத்தாத்முடு' என்னும் ஆண்பால் வடிவம் பெருவழக்காயுள்ளது. அண்டை மொழிகள் இரண்டும் ஆவிக்கு ஆள்தன்மை தரவேண்டின் ஆண்மையையும் உடன் தருகின்றன. தமிழ் 'ஆவியன்' என்றோ 'ஆவியான்' என்றோ சொல்லவில்லை. அது தெரிந்தெடுத்த ஈறு 'ஆர்'. தமிழ்ப் பலர்பால் ஈறு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆகவே, பால் குறிக்காமல் ஆளைக் குறிக்கும் வழி ஆனேக்கலின் மும்மொழிகளுள் தமிழ் வழங்கும் வடிவத்திற்கே தெளிவாக வாய்த்திருக்கிறது. எபிரேயத்திலும் சிரியாக்கிலும் ஆவியைக் குறிக்கும் சொல் பெண்பால், கிரேக்கத்தில் பொதுப்பால், இலத்தீனில் ஆண்பால் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும்.

சொல்லின் வரலாறு

தொடக்கக் காலத் தமிழ்க் கிறித்தவர் இச்சிக்கலை வேறு வகையில் கடந்தனர். என்றீக் என்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய காலத்தைச் சார்ந்த மரபு, போர்த்துக்கீசியப் பெயரை 'இஸ்பிரீத்துசாந்து' எனத் தமிழ் ஒலிக்கேற்ப அப்படியே வைத்துக்கொண்டது. பொருள் விளங்காத அயற்பெயரே எனினும், அதனால் ஒரு நன்மை விளைந்தது. பொருள் விளங்காமையால் திணை வழுவும் தோன்றவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு அது ஒருவருடைய பெயர், அவ்வளவே.

'ஆவி' என்னும் தமிழ்ச்சொல் புகுந்தபோது அதன் பொருட்பரப்பு முழுவதும் உடன் புகுந்தது. ஆவி என்பது மூச்சு, உயிர், நீரின் வெம்மைப்புகை, இறந்தோரின் நிழல், பேய். கிரேக்க மூலச்சொல்லும் காற்று, மூச்சு, ஆவி எனப் பலபொருள் தருவதே. ஆகலின் மொழிபெயர்ப்பு பொருத்தமானது. ஆயின் விவிலியத்தில் பேய்களுக்கும் இச்சொல்லே வழங்குகிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'அசுத்த ஆவி' நற்செய்தி நூல்களில் அஃறிணை வினைகொண்டு முடியும். அதற்கு 'ஆனவர்' என்னும் ஒட்டு வருவதில்லை. இரு வகை ஆவியையும் பிரிக்கும் வரம்பாக மதிப்புவிகுதி நிற்பதனை இங்குக் காணலாம். பிற்காலத்தில் பிதா, சுதன், பரிசுத்தம் ஆகிய வடசொற்கள் தந்தை, மகன், தூய்மை எனத் தமிழ் வடிவம் பெற்றதில் தனித்தமிழ் உணர்வின் செல்வாக்கு உண்டு. அது பலரும் அறிந்த செய்தி. 'ஆவி' ஏற்கெனவே தமிழாக இருந்தமையால் மாற்றம் அதன் ஈற்றில் மட்டும் நிகழ்ந்தது.

விகுதி ஒரு பொருட்டா என ஐயுறுவோர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் அமைப்பினரின் தமிழ் மொழிபெயர்ப்பை நோக்கலாம். மூவொருமைக் கோட்பாட்டை ஏற்காத அவர்கள் அவ்விடங்களில் 'கடவுளுடைய சக்தி' என்கின்றனர். கோட்பாட்டை மறுப்பார் அதற்கேற்ற அஃறிணைப் பெயரைத் தேர்கின்றனர். சொல்லாட்சி நடைவேறுபாடு மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொல்காப்பியர் வகுத்த வழி

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பத்துப் பெயர்களைத் தனியே எடுத்துக் கூறுகிறார். உயிர், தெய்வம், சொல், ஞாயிறு, திங்கள் முதலியன அவற்றுள் அடங்கும். இவை பொருளால் உயர்திணைக்கு உரியன. ஆயினும் உயர்திணைக்குரிய பால்விகுதி கொண்டு முடியாமல் அஃறிணை முடிபே பெறும் என்பது விதி. 'சொல்' என்பதனை எழுத்தாலாகிய சொல் எனக் கொள்ளாது நாமகளாகிய தெய்வம் எனச் சேனாவரையர் விளக்குவது ஈண்டு நோக்கத்தக்கது. இவை போல்வன பிறவும் இவ்விதியுள் அடங்கும் எனத் தொல்காப்பியரே இடம் வைக்கிறார்.

இவ்விதியினுள் கிறித்தவக் கோட்பாட்டுச் சொற்கள் வந்தமர்வது வியப்பளிப்பது. யோவான் நற்செய்தியின் தொடக்கம் மகனைச் 'சொல்' எனவே குறிக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் அதனை வார்த்தை, வாக்கு என வழங்குகின்றன. 'ஆவி' உயிர் என்பதன் ஒருபொருட் கிளவி. எனவே 'ஆவி வந்தது' எனத் தமிழர் சொன்னால், அவர் ஆவியை உயிரற்ற ஆற்றலாகக் கருதினார் என்று முடிவு கட்டுதல் இலக்கணம் அறியாதார் கூற்றாகும். திணைமுடிபு வேறு, திணைப்பொருள் வேறு என்னும் பாகுபாட்டைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது.

தொல்காப்பியர் அத்துடன் நிறுத்தவில்லை. அப்பெயர்கள் நின்றவாறே நின்று உயர்திணை முடிபு கொள்ளா. வாய்பாடு வேறுபட்டவிடத்துக் கொள்ளுதலும் உரிய என்கிறார். காலம் என்பது காலன் என்றும், உலகம் என்பது உலகர் என்றும் ஈறு திரிந்தால் உயர்திணை வினை ஏற்கும் என உரையாளர் எடுத்துக்காட்டுவர். ஆவி என்பது ஆவியார் எனத் திரிந்து வந்தார், பேசினார் என முடிவது இவ்விதியின் நேரிய பயன்பாடு. 'ஆவியார்' மறைப்பணியாளர் புனைந்த செயற்கை வடிவம் என்று குறைகூறுவார்க்கு இதனை விடையாகக் கூறலாம்.

அஃறிணை முடிபு இறைமைக்குத் தாழ்வன்று என்பதற்குப் பக்தி இலக்கியமும் துணைநிற்கும். மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் இறைவன் ஆண், பெண், அலி என்னும் வரையறைக்கு உட்படாமையைப் பாடியவர்கள். 'தெய்வம்' இன்றளவும் அஃறிணை வினைகொள்வதால் தமிழர் தெய்வத்தைப் பொருளாகக் கருதினர் என்று எவரும் சொல்வதில்லை.

இரு மொழிபெயர்ப்புகள்

இவ்விலக்கணத்தை உட்கொண்டு இரு விவிலியங்களையும் ஒப்பிடலாம். தொடக்க நூலின் இரண்டாம் வசனத்தில் நீரின்மீது அசைந்தது யாது, அல்லது அசைந்தவர் யார்? 1871-இன் மொழிபெயர்ப்பு 'ஆவியானவர்' என உயர்திணை வடிவம் தருகிறது. 1995-இன் மொழிபெயர்ப்பு 'ஆவி' என்று கூறி அஃறிணை வினையால் முடிக்கிறது. பின்னதே ஏற்புடையது. எபிரேய மூலத்தின் அவ்விடத்தில் மூவொருமைக் கோட்பாட்டை வெளிப்படையாக வைத்தல் பின்வந்த வரையறையை முன்வந்த நூலுள் புகுத்துவதாகும். 1871-இன் மொழிபெயர்ப்பாளர்கள் விசுவாசிகளாக நின்று மொழிபெயர்த்தனர். 1995-இன் குழுவினர் அவ்விடத்தில் மூலநூலின் காலத்தை மதித்தனர்.

உரோமையர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் நிலைமை வேறு. இறைவேண்டல் செய்ய அறியாதாரின் வலுவின்மையில் துணைநின்று அவர்க்காகப் பரிந்து பேசுவதாக ஆவி அங்குக் கூறப்படுகிறது. கிரேக்கம் பொதுப்பாற் சுட்டையே கொண்டுள்ளது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே அஃறிணைத் தற்சுட்டால் கூறியது. அதன் 1881-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஆண்பாலாக்கியது. தமிழிலோ 1871-இல் 'ஆவியானவர்', 1995-இல் 'ஆவியார்'. பரிந்து பேசுதல் ஆளின் செயல். தமிழ் வினைச்சொல்லே அவ்விடத்தில் ஆளை வேண்டி நிற்கிறது.

லூக்கா நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரத்தில் தந்தை தம்மிடம் கேட்போர்க்கு ஆவியைக் கொடுப்பார் எனப்படுகிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஈண்டு 'ஆவியை' என்றே வைத்தன. கொடைப்பொருளாக வருமிடத்து அஃறிணை வடிவும், வினைமுதலாக வருமிடத்து உயர்திணை வடிவும் அமைதல் இரு நூல்களிலும் பெரும்பான்மை எனலாம். திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில் 1871-இன் மொழிபெயர்ப்பு ஒரே வசனத்துள் இரண்டனையும் ஆள்கிறது. சீடர் நிரப்பப்படுவது 'ஆவியினாலே'; பேச வரம் தருபவர் 'ஆவியானவர்'. நிறைவதும் அவரே, தருபவரும் அவரே என்பதைத் தமிழ் இரு வடிவங்களால் பிரித்துக் காட்டுகிறது. இஃது உண்மையில் அகுஸ்தீனார் முதலியோர் ஆவியைக் 'கொடை' எனப் பெயரிட்டு விரித்துரைத்த கருத்தேயாம்.

இந்நுட்பம் உணரப்படாமையால் எல்லாவிடத்தும் 'ஆவியார்' என ஒருபடித்தாக்கும் போக்கு இக்கால வழிபாட்டுத் தமிழில் தலைகாட்டுகிறது. மதிப்புக் குறையலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் 'ஆவியாரைப் பொழிந்தருளும்' என்னும் தொடர் தமிழ்ச்செவிக்கு இடறும். பொழிதல் மழைக்கும் அருளுக்கும் உரிய வினை. மதிப்புடையார் ஒருவரைப் பொழிதல் மரபுவழு. ஆவியைப் பொழிக, ஆவியாரே வருக என்பதே தமிழ். திருத்த விரும்புவோர் முதலில் செவியைக் கேட்டல் நன்று.

உருபும் கோட்பாடும்

வேற்றுமை உருபு கோட்பாட்டுப் போருக்குக் காரணமாகுமா என வியக்கலாம். செசரியா ஆயர் பசிலியார் ஏறத்தாழ 375-இல் தூய ஆவியார் குறித்து எழுதிய நூல் அத்தகைய போரின் விளைவே. 'ஆவியில்' தந்தைக்கு மாட்சி என்பதோடு 'ஆவியோடும்' தந்தைக்கு மாட்சி என்றும் அவர் வழிபாட்டில் கூறினார். அதனைப் புதுமை என்று சிலர் குற்றஞ்சாட்டினர். ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வோர் இடைச்சொல் உரியது. இடைச்சொல் வேறாயின் இயல்பும் வேறு என்பது எதிர்த்தரப்பின் வாதம். மறைநூல் அவ்விடைச்சொற்களை மாற்றி மாற்றி வழங்குவதை எடுத்துக்காட்டிய பசிலியார், இரண்டனுள் ஒன்றையும் கைவிட மறுத்தார். 'ஓடு' ஆவியின் மாட்சியையும், 'இல்' அவ்வாவி மாந்தருள் செய்யும் அருளையும் காட்டுவன என்பது அவர் கொள்கை.

தமிழின் மூன்றாம் வேற்றுமை இவ்விடத்தில் தனிச்சிறப்புடையது. அவ்வேற்றுமை வினைமுதலுக்கும் கருவிக்கும் பொது. 'தச்சனால் செய்யப்பட்டது', 'உளியால் செய்யப்பட்டது' இரண்டிலும் உருபு ஒன்றே. ஆகவே 'ஆவியால்' என்று கேட்பவர் கருவி என்றும் கொள்ளலாம், கருத்தா என்றும் கொள்ளலாம். பசிலியார் இரு இடைச்சொற்களைக் காக்கப் போராடினார். தமிழர்க்கு ஓர் உருபே இரண்டனையும் சுமந்து நிற்கிறது. ஏழாம் வேற்றுமையில் மட்டும் தமிழ் பிரிவினை செய்யும். மரத்தில், அரசனிடத்தில் என்பன போல அஃறிணைக்கு 'இல்', உயர்திணைக்கு 'இடம்'. அனனியா பொய்சொன்ன நிகழ்ச்சியில் 1871-இன் மொழிபெயர்ப்பு 'ஆவியினிடத்தில்' என்கிறது. பெயர் அஃறிணை வடிவில் நிற்க, உருபு அவரை ஆளாக்குகிறது. பொருளிடம் பொய்சொல்ல இயலாதன்றோ!

விளியிலும் இதுவே நிகழ்கிறது. மன்றாடுவோர் 'ஆவியே' என அழைத்து 'வாரும்' என வேண்டுவர். பெயர் இயல்பாய் நிற்க, ஏவல் வினை மதிப்புப் பன்மை பெறும். இலக்கணம் அறியாத முதியோரும் இதில் வழுவுவதில்லை. கோட்பாட்டு அறிவு அவர்க்கு வினையீற்றின் வழியே வந்தது. மூவொருமை வாழ்வோடு தொடர்பற்ற கணக்குப் புதிர் என்னும் குற்றச்சாட்டு மேலைநாட்டு இறையியலில் அடிக்கடி எழுவது. ஒன்றைப் பெறுவதற்கும் ஒருவரை வேண்டுவதற்கும் உள்ள வேறுபாடு வழிபடுவோர்க்குப் புதிரன்று. நாள்தோறும் நாவில் பயில்வது.

ஒருவரும் மூவரும்

மூவரை எண்ணியபின் வினை எவ்வாறு முடிதல் வேண்டும்? உயர்திணைப் பெயர்கள் உம்மைத்தொகையாகச் சேரின் பலர்பால் ஈறு பெறும் என்பது தமிழ் விதி. கபிலபரணர் என்பது வழிவழி வரும் எடுத்துக்காட்டு. இவ்விதியைத் தந்தை, மகன், ஆவியார்க்கு அவ்வாறே பொருத்தின் மூன்று கடவுளராவர். தமிழ்க் கிறித்தவர் அவ்வாறு தொகைப்படுத்தவில்லை. திருமுழுக்குக் கட்டளையில் மூன்று பெயரும் தனித்தனியே நிற்க, 'பெயர்' என்பது ஒருமையாய் அமைகிறது. கிரேக்கத்திலும் அஃது ஒருமையே. ஆசியுரையின் முடிவில் மூவரையும் எண்ணி 'ஆசீர்வதிப்பாராக' என்பர், 'ஆசீர்வதிப்பார்களாக' என்பதில்லை. 'கள்' என்னும் ஓர் ஈறு சேர்ந்திருந்தால் கோட்பாடு சிதைந்திருக்கும்.

இது தமிழின் வேறொரு வளத்தால் இயன்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கணநெறி அன்று எனினும் உயர்த்துக் கூறும் வழக்கு எனத் தொல்காப்பியர் ஏற்றுக்கொள்கிறார். 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் இருபாற்கும் உரியது என்றும், பன்மை முடிபு ஏற்பது என்றும் பெயரியலில் கூறுகிறார். எண்ணால் ஒன்று, ஈற்றால் பலர், பாலால் பொது. 'கடவுள் ஒருவர்' எனத் தமிழர் சொல்லும்போது அச்சொல்லுக்குள்ளேயே பன்மை ஈறு உறைகிறது. இதிலிருந்து கோட்பாட்டைப் பிழிந்தெடுக்க முயல்வது மிகையாகும். மொழி மறைவெளிப்பாடு அன்று. எனினும் இலத்தீனும் கிரேக்கமும் புதிதாகச் சொல் படைத்து வெல்ல வேண்டியிருந்த இடத்தில் தமிழ்க்கு வழக்கிலிருந்த சொல்லே கைகொடுத்தது. அதே வழக்கில் ஓர் இடரும் உண்டு. 'ஆர்' ஈறு பதவிக்கும் முதுமைக்கும் செல்வத்திற்கும் தரப்படுவது, எளியோர்க்கு மறுக்கப்படுவது. தந்தையும் மகனும் ஆவியாரும் மாட்சியில் ஒப்பானவர் என அறிக்கையிடும் அவையினர், கோவிலை விட்டு வெளியேறியதும் யாரை 'அவர்' என்பர், யாரை 'அவன்' என்பர் என்பது தமிழ்நாட்டுச் சாதிய வாழ்வில் கூச்சந்தரும் வினா.

ஆனேக்கல் பகுதியின் மொழிப்பூசலை நோக்கும்போது திருத்தூதர் பணிகளின் பதினைந்தாம் அதிகாரம் நினைவிற்கு வரும். யூத மரபினரும் பிற இனத்தாரும் ஒரே திருச்சபையில் எவ்வாறு இணைவது என்னும் பூசலைத் தீர்க்க எருசலேமில் கூடியோர் எழுதிய மடல் அதிலுள்ளது. அம்மடலில் முடிவெடுத்தோரைக் குறிக்கும்போது 1871-இன் மொழிபெயர்ப்பு 'ஆவி', 'நாங்கள்' என்னும் இரண்டு பெயர்களையும் நான்காம் உருபும் எண்ணும்மையும் கொடுத்து அடுத்தடுத்து வைக்கிறது. அங்கு 'ஆனவர்' இல்லை. வடிவால் அஃறிணையும் உயர்திணையும் விரவிய எண் அது. எண்ணும்மை ஓரினப் பொருள்களையே இணைப்பது இயல்பாகலின், எவ்வகை மதிப்புவிகுதியும் இன்றியே ஆவி அவ்வவையில் முடிவெடுக்கும் ஓர் ஆளாக, முதல் ஆளாக, அமர்ந்திருக்கக் காண்கிறோம்.